பாலி மொழி பத்தி திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல விகாரைல (பௌத்தக் கோயில்ல) வந்தனா, அதாவது வழிபாடு, முடிஞ்சதும் எல்லாரும் டீ டம்ளரோட உக்காந்து பேசுவோம், அப்ப பாலி பத்தின சந்தேகம் எல்லாம் என்கிட்டதான் வரும், ஏன்னா அங்க பாலி இலக்கணப் புக்கோட சுத்துற ஆள் நான் ஒருத்தன்தான். புதுசா வர்றவங்க கேக்குறதும் பல வருஷமா வர்றவங்க கேக்குறதும் பாதிக்கு மேல ஒரே கேள்விகள். அதை எல்லாம் அவங்க கேட்ட வார்த்தையிலேயே எழுதி, என்னோட பதிலையும் சேத்து வச்சிருக்கேன். மேலருந்து கீழ வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில் முன்னாடி சொன்னதை நம்பி இருக்கும்.

பாலின்னா அந்த பாலி தீவுல பேசுற மொழியா?

இல்லைங்க. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதால வர்ற குழப்பம் இது. இந்தோனேசியாவுல இருக்கிற தீவோட பேரை "பஸ்"ல வர்ற ப மாதிரி சொல்லணும், மொழியோட பேரை "பத்து"ல வர்ற ப மாதிரி சொல்லணும். தீவுக்கும் இந்த மொழிக்கும் சம்பந்தம் கிடையாது. சிலர் "பாளி"ன்னு எழுதுவாங்க, அதுவும் தப்பில்ல, பழைய ஏட்டுலயே ரெண்டு விதமாவும் இருக்கு.

பாலி வட இந்தியாவுல ஜனங்க பேசின பழைய மொழிகளான பிராகிருதங்களோட குடும்பத்தைச் சேர்ந்தது. தேரவாதம்னு சொல்ற பழைய பௌத்தப் பிரிவோட மூல நூல்கள் முழுசா இந்த மொழியிலதான் இருக்கு. இன்னைக்கு இதை வீட்டு மொழியா பேசுற ஊர் எதுவும் இல்ல, ஆனா இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் இந்த நாடுகள்ல விகாரைக்குள்ள தினமும் காலையும் சாயங்காலமும் கேக்கும்.

அந்தப் பேர் எப்படி வந்துச்சு?

பாலின்னா வரிசை, வரி, அதுல இருந்து "மூல பாடம்"னு அர்த்தம். நம்ம பழைய புத்தகங்கள்ல "மூலமும் உரையும்"னு அட்டையிலயே போட்டிருப்பாங்கல்ல, அதே பிரிவுதான். புத்தர் வாக்கா வந்தது பாலி, அதுக்கு எழுதின உரை அட்டகதா. உரைகாரங்க "பாலியில இப்படி இருக்கு"ன்னு எழுதினா "மூலத்துல இப்படி இருக்கு"ன்னு அர்த்தம். பாலி பாஷை, அதாவது மூல நூலோட பாஷைன்னு சொல்லிச் சொல்லி பின்னாடி அதுவே மொழிக்குப் பேரா ஆயிடுச்சு. மரபுல இந்த மொழிக்குச் சொன்ன பேர் மாகதி, அதாவது மகத நாட்டு மொழி.

புத்தர் பாலிலதான் பேசினாரா?

மரபு ஆமான்னு சொல்லுது. மொழி ஆராய்ச்சி பண்றவங்க "கிட்டத்தட்ட, ஆனா அப்படியே இல்ல"ன்னு சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

காரணம் சொல்றேன். புத்தர் நடந்து திரிஞ்ச ஊர்கள் கோசலம், மகதம் பக்கம், இன்னைக்கு உத்தரப் பிரதேசத்தோட கிழக்குப் பகுதியும் பீகாரும். அந்தக் கிழக்குப் பேச்சு எப்படி இருந்துச்சுன்னு அசோகர் கல்வெட்டுல பாக்கலாம். அங்க "ராஜா"வை "லாஜா"ன்னு வெட்டியிருக்காங்க, ர வர்ற இடத்துல ல வருது, ஆண்பால் எழுவாய் "ஏ"ல முடியுது. பாலில ர அப்படியே இருக்கு, எழுவாய் "ஓ"ல முடியுது, தம்மோ, புத்தோன்னு. இது குஜராத்ல கிர்நார் பாறையில இருக்கிற மேற்கு வட்டாரப் பேச்சுக்குத்தான் நெருக்கம். அதாவது புத்தர் சொன்னது ஊர் ஊரா போகும்போது அந்தந்தப் பேச்சுக்கு மாறி, ஒரு கட்டத்துல எல்லாருக்கும் புரியிற பொது வடிவத்துல நின்னிருக்கு, அதுதான் பாலி.

ஆனா பழைய கிழக்குப் பேச்சு அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. புத்தர் "பிக்குகளே"ன்னு கூப்பிடுறது பாலில "பிக்கவே". பாலி இலக்கணப்படி எதிர்பாக்குற வடிவம் "பிக்கவோ". அந்தக் கூப்பிடுற வார்த்தையை மட்டும் யாரும் மாத்தத் துணியல, காதுல விழுந்த மாதிரியே விட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். ஒவ்வொரு தடவை "பிக்கவே" வரும்போதும் எனக்கு ஒரு மாதிரி சிலிர்க்கும்.

சமஸ்கிருதத்துல சொல்லியிருந்தா இந்தியா பூரா போயிருக்குமே, ஏன் சொல்லல?

அப்படிக் கேட்டதுக்கு புத்தர் வேண்டாம்னு சொன்னதாவே விநயத்துல, அதாவது துறவிகளோட ஒழுங்கு விதி நூல்ல, இருக்கு. பிராமண குலத்துல இருந்து வந்த அண்ணன் தம்பி ரெண்டு பிக்குகள், நல்லா பேசத் தெரிஞ்சவங்க, புத்தர்கிட்ட வந்து "பல குலத்துல இருந்து வந்தவங்க உங்க வாக்கை அவங்கவங்க பேச்சுல சொல்லிக் கெடுக்குறாங்க, நாங்க அதை சந்தஸ்ல போட்டுடட்டுமா"ன்னு கேக்குறாங்க. சந்தஸ்னா வேத மொழி மாதிரியான உயர்ந்த நடை. புத்தர் அவங்களைக் கண்டிச்சு, அப்படிப் பண்றது குத்தம்னு விதி போடுறார். "ஸகாய நிருத்தியா" புத்த வாக்கைக் கத்துக்கலாம்னு சொல்றார்.

"ஸகாய நிருத்தியா"ன்னா சொந்த மொழியில. யாரோட சொந்த மொழி? கேக்குறவங்களோட மொழின்னு இன்னைக்குப் பெரும்பாலானவங்க எடுத்துக்கிறாங்க. ஆனா 5-ம் நூற்றாண்டுல உரை எழுதின புத்தகோஷர், அது புத்தரோட சொந்த மொழி, அதாவது மாகதின்னு சொல்றார். இந்த ஒரு வார்த்தையை எப்படிப் படிக்கிறோங்கிறதுல ரெண்டு பாதை பிரியுது. ஒண்ணு மொழிபெயர்த்துக்கிட்டே போகலாம்ங்கிற பாதை, இன்னொண்ணு பாலியை அப்படியே காப்பாத்தணும்ங்கிற பாதை. நான் முதல் அர்த்தத்தைத்தான் ஏத்துக்கிறேன், கதைல அந்தப் பிக்குகள் கொண்டுவர்ற புகாரே "அவங்கவங்க பேச்சு" பத்திதானே. ஆனா ரெண்டாவது பாதைல பிடிவாதமா நின்னவங்க இல்லன்னா நமக்கு இன்னைக்கு பாலி நூல் ஒண்ணுகூட கிடைச்சிருக்காது, அதையும் நன்றியோட சொல்லணும்.

புத்தம் சரணம் கச்சாமின்னா கச்சாமி எந்த சாமி?

இதை முதல்ல என்கிட்ட கேட்டது எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா, ரொம்ப பயபக்தியோட கேட்டாங்க. கேள்வில தப்பே இல்ல, தமிழ்க் காதுக்கு "சரணம்"னு கேட்டு பக்கத்துலயே "சாமி"ன்னு கேட்டா அப்படித்தான் தோணும்.

இதுல சாமி யாரும் இல்லம்மா. கச்சதின்னா போறான். கச்சஸின்னா போற. கச்சாமின்னா போறேன். கச்சாமன்னா போறோம். அந்த "மி" நம்ம "போறேன்"ல வர்ற "ஏன்" மாதிரி, நான்ங்கிறதைக் காட்டுற விகுதி. புத்தம்ங்கிறது புத்தரை, சரணம்ங்கிறது புகலிடமா. சேத்தா "புத்தரைப் புகலிடமாகப் போய் அடையிறேன்". இந்த மி தெரிஞ்சா மத்ததும் தானா திறக்கும்: வந்தாமின்னா வணங்குறேன், பஞ்சசீலத்துல, அதாவது அஞ்சு ஒழுக்க உறுதிமொழில, ஒவ்வொரு வரி முடிவுலயும் வர்ற ஸமாதியாமின்னா ஏத்துக்கிறேன். எல்லாத்துலயும் "நான்" இருக்கு, யாரோ நமக்காகச் செய்யிறது கிடையாது. அந்த அம்மா அடுத்த வாரம் சரணம் சொல்லும்போது "மி"ல கொஞ்சம் அழுத்திச் சொன்னாங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இன்னொண்ணு, க-வை "கடல்"ல வர்ற மாதிரி சொல்லாதீங்க, "அகம்"ல வர்ற மாதிரி மெதுவாவும் இல்லாம, "கோவிந்தா"ன்னு சொல்லும்போது வர்ற க. அடுத்து வர்ற துதியம்பி, ததியம்பில "தம்பி" இல்ல, "ரெண்டாவது தடவையும்", "மூணாவது தடவையும்"னு அர்த்தம்.

சமஸ்கிருதத்தைக் கொச்சையா பேசினா பாலியா?

அப்படிச் சொல்றது தப்பு. ரெண்டும் ஒரே பழைய குடும்பம், ஆனா பாலி பாணினி இலக்கணத்து சமஸ்கிருதத்தோட பிள்ளை கிடையாது. சில இடத்துல பாலிதான் பழசை வச்சிருக்கு. "இங்கே"ங்கிறதுக்கு சமஸ்கிருதம் இஹ, பாலி இத (அழுத்தின த). அந்த த-தான் மூத்த வடிவம், சமஸ்கிருதத்துல தேஞ்சு ஹ ஆயிடுச்சு.

மத்தபடி வித்தியாசம் பாத்தாலே தெரியும். தர்மம் தம்மம், கர்மம் கம்மம், நிர்வாணம் நிப்பானம், சூத்திரம் சுத்தம், மார்க்கம் மக்கம், சத்தியம் சச்சம், பிக்ஷு பிக்கு. வேற வேற மெய் சேந்து நிக்கிற இடத்துல ஒரே மெய் ரெட்டிச்சிடும். தமிழ்க்காரங்களுக்கு இது புதுசே இல்ல, நாமளும் பக்ஷத்தை பக்கம்னும் சப்தத்தை சத்தம்னும்தான் சொல்றோம். இந்த மாதிரி வார்த்தைகள் பிராகிருத உருவத்துலயே தமிழுக்குள்ள வந்தது. சமணர்ங்கிற வார்த்தையும் அப்படித்தான், சிரமணர்ங்கிறதோட பிராகிருத உருவம் ஸமண.

திபிடகம்னா ஒரே புக்கா? எவ்ளோ பெருசு?

மேல சொன்ன மூல நூல்கள் மொத்தத்துக்கும் பேர்தான் திபிடகம். மூணு பிடகம், அதாவது மூணு கூடை. விநயம் சங்கத்தோட ஒழுங்கு விதிகள். சுத்தம் புத்தரோட உரையாடல்கள். அபிதம்மம் அதையெல்லாம் பிரிச்சுப் பகுத்த ஆராய்ச்சி. சுத்த பிடகத்துல அஞ்சு நிகாயம், அதாவது தொகுப்பு: தீக நிகாயத்துல நீளமான 34 சுத்தங்கள், மஜ்ஜிமத்துல நடுத்தரமான 152, ஸம்யுத்தம் பொருள்வாரியா தொகுத்தது, அங்குத்தரம் எண் வரிசைல தொகுத்தது, குத்தகத்துல தம்மபதம், சுத்தநிபாதம், தேரகாதை, தேரிகாதை, ஜாதகம்னு பல நூல்கள். தம்மபதம் மட்டும் 423 பாட்டு.

அளவு புரியணும்னா மாண்டலேல குதோடா பகோடாவை நினைச்சுக்கோங்க. மிண்டோன் ராஜா 1860-ல ஆரம்பிச்சு 1868-க்குள்ள திபிடகம் மொத்தத்தையும் சலவைக்கல்லுல வெட்ட வச்சார். 729 பலகை, ஒவ்வொண்ணும் சுமார் அஞ்சடி உயரம், ரெண்டு பக்கமும் எழுத்து, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியா ஒரு சின்ன வெள்ளைக் கோயில்.

ஆரம்பத்துல எழுதவே இல்லையாமே, அவ்ளோவையும் எப்படி ஞாபகம் வச்சாங்க?

புத்தரோட பரிநிப்பானத்துக்கு, அதாவது அவர் மறைவுக்கு, அப்புறம் ராஜகிருகத்துல 500 பிக்குகள் கூடினாங்க, உபாலி விநயம் சொன்னார், ஆனந்தர் சுத்தம் சொன்னார்னு மரபு. அதனாலதான் சுத்தங்கள் "ஏவம் மே ஸுதம்"னு ஆரம்பிக்குது, "நான் இப்படிக் கேட்டேன்". படிச்சேன்னு இல்ல, கேட்டேன். அதுக்கப்புறம் முன்னூறு நானூறு வருஷம் வாய் வழியாவே ஓடிச்சு. ஆளுக்கு ஆள் பொறுப்பைப் பிரிச்சுக்கிட்டாங்க, தீகத்தை மனப்பாடம் பண்றவங்க தீக பாணகர், மஜ்ஜிமத்துக்கு மஜ்ஜிம பாணகர். கூட்டமா சேந்து ஓதினதால ஒருத்தர் தப்பா சொன்னா பக்கத்துல இருக்கிறவருக்கு உடனே தெரிஞ்சிடும்.

நம்பிக்கை இல்லன்னா நம்ம காலத்துலயே ஒருத்தர் இருந்தார், மியான்மரோட மிங்குன் சயாடோ. 1954-ல ரங்கூன்ல 16,000 பக்கம் அளவுக்கு திபிடகத்தை மனப்பாடமா ஒப்பிச்சவர்.

ஒரே வரியை திருப்பித் திருப்பிச் சொல்றாங்களே, படிக்க போரடிக்குதே?

மேல சொன்ன பதில்லயே காரணம் இருக்கு, இது கண்ணுக்கு எழுதினது இல்ல, காதுக்கும் வாய்க்கும் செஞ்சது. சின்ன வயசுல வாய்ப்பாடு சொன்னதை நினைச்சுப் பாருங்க, "ரெண்டு"ங்கிறது திரும்பத் திரும்ப வர்றதாலதான் நாக்கு தடுக்காம ஓடும். சுத்தத்துலயும் கண்ணு பத்தி ஒரு பத்தி வந்தா அதே பத்தி காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனசுன்னு ஆறு தடவை வரும். ஏட்டுல எழுதும்போது இடத்தை மிச்சம் பிடிக்க நடுவுல "பெ"ன்னு ஒரு எழுத்து போட்டு விட்டுட்டாங்க, பெய்யாலம்ங்கிறதோட சுருக்கம், நம்ம பத்திரத்துல "மேற்படி"ன்னு போடுற மாதிரி. ஒரே ஒரு தடவை "பெ" இல்லாம முழுசா சத்தமா படிச்சுப் பாருங்க. அஞ்சாவது சுத்துல மனசு அடங்குறது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் எப்ப, எங்க எழுதினாங்க?

கி.மு. 1-ம் நூற்றாண்டுல, இலங்கைல, மாத்தளை பக்கத்துல இருக்கிற அலுவிகாரைல. அப்ப ராஜா வட்டகாமணி அபயன். அதுக்கு முன்னாடி அனுராதபுரத்தை அஞ்சு தமிழ் அரசர்கள் பிடிச்சு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா 14 வருஷம் ஆண்டிருந்தாங்க, கூடவே கொடும் பஞ்சம். தமிழ்ல எழுதும்போது இந்தப் பகுதியை சிலர் விட்டுடுறாங்க, விடக் கூடாதுன்னு நினைக்கிறேன், பஞ்சத்தோட இந்தப் போரும் சேந்துதான் நூலை எழுத வச்சது.

உரைல ஒரு சம்பவம் வருது. பஞ்சத்துல பல பிக்குகள் கடல் தாண்டி இந்தியாவுக்குப் போயிட்டாங்க, மிச்சம் இருந்தவங்க கிழங்கும் இலையும் தின்னு உயிரோட இருந்தாங்க, உக்காரக்கூடத் தெம்பு இல்லாதப்ப மணலைக் குவிச்சு அதுல சாஞ்சு படுத்துக்கிட்டு ஓதினாங்கன்னு இருக்கு. இன்னொரு சம்பவம்: மகாநித்தேசம்னு ஒரு நூல், அது கடைசில ஒரே ஒரு பிக்குவுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு, அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவர்கிட்ட போய் உக்கார ஒரு பெரிய தேரருக்கு (மூத்த பிக்குவுக்கு) மனசே வரல, ஆனாலும் நூல் அழிஞ்சுடக் கூடாதுன்னு போய்க் கத்துக்கிட்டார். நூல் ஒரு மனுஷன் வாயில மட்டும் இருந்தா அவ்ளோ ஆபத்து. அலுவிகாரைல ஓலையும் எழுத்தாணியும் எடுத்தது இந்தப் பயத்துலதான்.

பாலிக்கு சொந்த எழுத்தே கிடையாதா? தமிழ் எழுத்துல எழுதக் கூடாதா?

சொந்த எழுத்து கிடையாது. சிங்களத்துல, பர்மிய எழுத்துல, கெமர் எழுத்துல, தாய் எழுத்துல, தேவநாகரில எல்லாத்துலயும் எழுதுறாங்க. தாய்லாந்துல சுலாலங்கோர்ன் ராஜா காலத்துல, 1893-ல, தாய் எழுத்துல 39 தொகுதியா அச்சடிச்சாங்க. லண்டன்ல 1881-ல ரைஸ் டேவிட்ஸ் பாலி நூல் சங்கத்தை ஆரம்பிச்ச பிறகு ரோமன் எழுத்துலயும் வரிசையா வந்துச்சு. இலங்கைல அரசாங்க அதிகாரியா இருந்தப்ப பாலி படிச்சவர் அவர்.

தமிழ் எழுத்துல எழுதலாம், ஆனா ஒரு பெரிய சிக்கல் இருக்கு. "கந்த"ன்னு எழுதுறீங்க. அது ஐந்து கந்தங்கள்ல (உடம்பும் மனசும் சேந்த அஞ்சு தொகுதிகள்ல) வர்ற தொகுதியா, வாசனையா, கிழங்கா, நூல்ங்கிற அர்த்தத்துல வர்ற வார்த்தையா? பாலில இந்த நாலும் நாலு விதமான உச்சரிப்பு, தமிழ் எழுத்துல நாலும் ஒண்ணு. அதனால பழைய முறைப்படி க-வுக்கும் த-வுக்கும் மேல 2, 3, 4ன்னு சின்ன எண் போட்டு அச்சடிச்சா நல்லது.

ஆனா நமக்கு ஒரு வசதியும் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. பாலில ரெட்டை மெய்க்கு முன்னாடி ஏ, ஓ குறுகும். மெத்தா (அன்பு), ஸொத்தி (நலம்). நாகரில குறில் எ, ஒ கிடையாது, நம்மகிட்ட இருக்கு. ண, ள, ஞ மூணும் நம்ம நாக்குக்குப் பழக்கம். அதனால ஓதுறதுல தமிழ்க்காரங்க தயங்க வேண்டியதே இல்ல.

தமிழனுக்கும் பாலிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, இல்ல சும்மா பெருமைக்குச் சொல்றாங்களா?

நிஜமாவே உண்டு, அதுவும் நிறைய. பாலில நூல் எழுதின புத்ததத்தர் சோழ நாட்டு உரகபுரத்துக்காரர், உறையூர்னு பலர் சொல்றாங்க. அபிதம்மாவதாரத்தை காவிரிப்பட்டினத்துல இருந்து எழுதினார், விநயவினிச்சயத்தை பூதமங்கலத்துல, களப்பிர அரசன் அச்சுதவிக்கந்தன் ஆண்டப்ப எழுதினேன்னு அவரே குறிச்சிருக்கார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம்னு படிச்ச நமக்கு அந்த ஒரு குறிப்பு எவ்ளோ பெரிய விளக்கு. புத்தகோஷர் தன்னோட அங்குத்தர உரைல, காஞ்சிபுரத்துல தன்கூட இருந்த ஜோதிபாலர் கேட்டுக்கிட்டதால எழுதினேன்னு சொல்றார். 13-ம் நூற்றாண்டுல ரூபசித்தின்னு பாலி இலக்கணம் எழுதின புத்தப்பியர், தன்னைத் தமிழ் மண்ணோட விளக்குன்னே சொல்லிக்கிறார். அந்த இலக்கணத்தைத்தான் இலங்கைலயும் பர்மாவுலயும் வச்சுப் படிச்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அபிதம்ம உரை ஒண்ணுல வருது. குழந்தை மொழியை எப்படிக் கத்துக்குதுன்னு பேசுறாங்க. அம்மா தமிழச்சி, அப்பா ஆந்திரர். குழந்தை அம்மா பேச்சை முதல்ல கேட்டா தமிழ் பேசும், அப்பா பேச்சை முதல்ல கேட்டா ஆந்திர மொழி பேசும், யார் பேச்சையும் கேக்காம வளந்தா தானாவே மாகதி பேசும்னு உரை சொல்லுது. கடைசிப் பகுதியை இன்னைக்கு மொழியியல் ஏத்துக்காது. ஆனா 1500 வருஷத்துக்கு முன்னாடி அனுராதபுரத்துல உக்காந்து எழுதுறவங்களுக்கு உதாரணம்னு யோசிச்சதும் ஒரு தமிழ் அம்மாவும் அவங்க மடியில ஒரு குழந்தையும் ஞாபகம் வந்திருக்கு பாருங்க.

அப்ப மணிமேகலை பாலி நூலைப் பாத்து எழுதினதா?

அப்படிச் சொல்ல முடியாது. அதுல வர்ற தர்க்கப் பகுதி திக்நாகர்ங்கிற பௌத்த தர்க்க ஆசிரியர் வழில வந்த சமஸ்கிருத அளவை நூல்களோட ஒத்துப்போகுது. ஆனா அடிப்படை போதனை பொதுவானது. முப்பதாவது காதைல பன்னிரு சார்பு, அதாவது துன்பம் ஒண்ணைச் சார்ந்து ஒண்ணா உண்டாகுற பன்னிரண்டு படி, வருது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பாலில அவிஜ்ஜா, ஸங்காரா, விஞ்ஞாணம், நாமரூபம், ஸளாயதனம், பஸ்ஸம், வேதனா, தண்ஹா, உபாதானம், பவம், ஜாதி, ஜராமரணம். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, தண்ஹாவுக்கு வேட்கை, வேதனாவுக்கு நுகர்வு, எவ்ளோ கச்சிதம். இன்னைக்கு பாலியைத் தமிழாக்குறவங்க இதைப் படிக்காம வேலையை ஆரம்பிக்கவே கூடாதுன்னு நான் சொல்லுவேன்.

தமிழ்ல ஏற்கனவே இருக்கிற வார்த்தைதானே, அப்படியே போட்டா என்ன?

இதுலதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க, நானும் முதல் ரெண்டு வருஷம் தப்பா புரிஞ்சுக்கிட்டு இருந்தேன். வேதனைன்னா தமிழ்ல வலி, பாலில வேதனா இன்பம், துன்பம், ரெண்டும் இல்லாததுன்னு மூணு விதமான நுகர்ச்சியும் சேந்தது. "இன்ப வேதனை"ன்னு படிச்சுட்டு நான் புக்குல அச்சுப்பிழைன்னு நினைச்சு பேனாவால அடிச்சிருக்கேன். விஞ்ஞானம்னா தமிழ்ல சயன்ஸ், பாலில உணர்வு. சங்காரம்னா நமக்கு அழிக்கிறது, பாலி ஸங்காரா அதுக்கு நேரெதிர், உருவாக்குறதும் உருவானதும். தர்மம்னா நம்ம ஊர்ல பிச்சை போடுறது, தம்மம்னா போதனை, நியதி, பொருள்களோட இயல்புன்னு இடத்துக்கு இடம் மாறும்.

அதனால ஒரு பாலி வார்த்தை தெரிஞ்ச மாதிரி இருந்தா அங்கதான் நின்னு யோசிக்கணும். துக்கம்ங்கிறதையும் அழுகைன்னு மட்டும் எடுத்துக்காதீங்க, நல்லா இருக்கிறதும் நிலைக்காமப் போறதால வர்ற நிறைவின்மையும் அதுல அடங்கும்.

திபெத்துக்காரங்க, சீனாக்காரங்க எல்லாரும் பாலிலதான் ஓதுறாங்களா?

இல்ல. மகாயானம்ங்கிற இன்னொரு பௌத்தப் பிரிவோட சூத்திரங்கள் சமஸ்கிருதத்துலயும் கலப்பு சமஸ்கிருதத்துலயும் இருந்து சீன, திபெத்திய மொழிக்குப் போனது. வடமேற்குல காந்தாரின்னு இன்னொரு பிராகிருதத்துலயும் பௌத்த நூல்கள் இருந்துச்சு, கரோஷ்டி எழுத்துல, பூர்ஜ மரப்பட்டைல எழுதினது, சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சுருள்கள் கிடைச்சிருக்கு. காந்தாரில ஒரு தம்மபதமே இருக்கு.

பாலில இருந்தா அதுதான் ஒரிஜினல், மத்ததெல்லாம் டூப்ளிகேட்டா?

இந்தக் கேள்வில சண்டையே வரும், அதனால நிதானமா சொல்றேன். இந்திய மொழி ஒண்ணுல முழுசா கிடைச்சிருக்கிற பழைய பௌத்தத் தொகுப்பு பாலி மட்டும்தான். ஆனா "முழுசா கிடைச்சது"ங்கிறதும் "முதல்ல இருந்தது"ங்கிறதும் வேற வேற. சீனத்துல ஆகமங்கள்னு (சைவ ஆகமம் இல்ல, புத்தர் உரையாடல்களோட தொகுப்பு) இருக்கு, அதுல நிகாயங்கள்ல இருக்கிற சுத்தங்களுக்கு இணையானது ஏராளம். ரெண்டையும் ஒப்பிட்டா நாலு உண்மை, எட்டு வழி, சார்புத் தோற்றம் எல்லாம் ஒத்துப்போகுது, இடமும் வரிசையும் சின்னச் சின்ன விவரமும் மாறுது. இதுவே எனக்குப் பெரிய தெம்பு, பல நூறு வருஷமா தனித்தனியா வளந்த ரெண்டு கிளை ஒரே விஷயத்தைச் சொல்லுதே.

பாலிக்குள்ளயும் அடுக்கு இருக்கு. சுத்தநிபாதத்துல வர்ற அட்டகவக்கம், பாராயணவக்கம் ரொம்பப் பழசு. அபிதம்மத்துல கதாவத்து அசோகர் காலத்துல மொக்கலிபுத்த திஸ்ஸர் சொன்னதுன்னு மரபே ஒத்துக்குது. ஏடுகளைப் பாத்தா, நம்ம கைல இருக்கிறதுல பெரும்பாலானது 18, 19-ம் நூற்றாண்டு ஏடுதான், ஓலை அவ்ளோதான் தாங்கும். மியான்மர்ல ஸ்ரீக்ஷேத்திரத்துல 1926-ல கிடைச்ச 20 தங்க ஏடுகள் 5, 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதுல இருக்கிற பாலி இன்னைக்கு நாம ஓதுற பாலிதான்.

அர்த்தம் தெரியாம ஓதினா பலன் உண்டா?

இலங்கைல ராத்திரி பூரா பிரித், அதாவது காப்புக்காக ஓதுற சுத்தங்கள், ஓதி கைல கயிறு கட்டுவாங்க, அந்த சத்தத்துல மனசுக்குக் கிடைக்கிற அமைதியை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா தம்மபதம் 19-ம் பாட்டு தெளிவா சொல்லுது: நிறைய ஓதியும் அதன்படி நடக்காதவன் அடுத்தவங்க மாட்டை எண்ணிக்கிட்டு இருக்கிற மாட்டுக்காரன் மாதிரி. பால் அவனுக்குக் கிடையாது. கச்சாமிக்கு அர்த்தம் கேட்ட அந்த அம்மாவை நினைச்சுக்கோங்க, ஒரு "மி" தெரிஞ்சதுக்கே எவ்ளோ மாற்றம்.

அம்பேத்கர் பாலி படிச்சாரா?

படிச்சார், பாலி அகராதியும் இலக்கணமும் தயார் பண்ணி வச்சார், அது அவர் எழுத்துத் தொகுப்புல 16-வது தொகுதியா வந்திருக்கு. 1956 அக்டோபர் 14 நாக்பூர்ல அவர் பௌத்தத்துக்கு மாறினப்ப சரணம் சொன்னதும் பாலிலதான். நம்ம பக்கம் அயோத்திதாசர் 1898-ல கொழும்பு போய் பஞ்சசீலம் ஏத்துக்கிட்டு வந்து சென்னைல சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பிச்சார்.

செத்த மொழியை எதுக்குப் படிக்கணும்?

தாய்லாந்துல பிக்குகளுக்கு ஒன்பது படி பாலிப் பரீட்சை இருக்கு, மியான்மர்லயும் வருஷா வருஷம் நடக்குது. 2024 அக்டோபர்ல இந்திய அரசும் பாலியைச் செம்மொழி பட்டியல்ல சேத்துச்சு. பட்டியல் வந்தது சந்தோஷம்தான், ஆனா நம்ம ஊர்ல பாலி சொல்லிக்கொடுக்குற ஆள் இன்னும் தேடித்தான் பிடிக்கணும்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

இலக்கணப் புக்கை முதல் நாளே திறக்காதீங்க. தம்மபதம் 5-ம் பாட்டை எடுங்க.

ந ஹி வேரேன வேரானி
ஸம்மந்தீத குதாசனம்
அவேரேன ச ஸம்மந்தி
ஏஸ தம்மோ ஸனந்தனோ

வேரம்னா பகை, நம்ம வைரம், வைரிங்கிறதேதான், பாலில ஐ கிடையாது அதனால ஏ ஆயிடுச்சு. வேரேன = பகையால, அந்த "ஏன" நம்ம "ஆல்". வேரானி = பகைகள். ஸம்மந்தி = தணியுது. இத = இங்கே, மேல சொன்ன அதே மூத்த வார்த்தை, முன்னாடி வார்த்தையோட சந்தில ஒட்டிக்கிட்டு நிக்குது. ந குதாசனம் = ஒருநாளும் இல்ல. அவேரேன = பகையின்மையால. ஏஸ = இது. ஸனந்தனோ, இதோட சமஸ்கிருத உருவம்தான் சனாதனம், என்றைக்கும் உள்ளது. "பகையால பகை இங்க ஒருநாளும் தணியாது, பகையின்மையாலதான் தணியும், இதுதான் என்றைக்கும் உள்ள தம்மம்."

ஒரு வாரம் இந்த நாலு வரியை மட்டும் வச்சுக்கோங்க. பஸ்ல போகும்போது, பாத்திரம் கழுவும்போது ஓதுங்க. அடுத்த வாரம் 3, 4-ம் பாட்டுக்கு வாங்க, "என்னைத் திட்டினான், என்னை அடிச்சான்"னு ஆரம்பிக்கும், அங்கயும் வேரம் வரும், ஸம்மதி வரும், ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தைகள் உங்களைப் பாத்து நிக்கும்.